இரண்டு கறுப்பு மூடிகள்

மூன்றாம் குழாய் மட்டும் திரும்பிக் கிடந்தது.

குளிரறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதுமே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஒன்பது குழாய்களையும் ஒன்பது தகரத் தட்டுகளில் வரிசையாகக் கிடத்தி, தலைப்பக்கம் கதவைப் பார்க்க, கால்பக்கம் சுவரைப் பார்க்க வைப்பது அவள் பழக்கம். நேற்று மாலை பூட்டிவிட்டுப் போனபோது அப்படித்தான் இருந்தன. இப்போது எட்டுக் குழாய்களின் எண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவதின் எண் மட்டும் சுவரோரம் தலைகீழாக நின்றது. வரிசையாகப் படுக்கவைத்த பிள்ளைகளில் ஒன்று மட்டும் தூக்கத்தில் சுழன்று, கால்மாட்டில் தலையை வைத்துக் கிடக்குமே, அந்த மாதிரி.

தட்டை இழுத்து, மீட்டர் நீளக் குழாயை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பி வைத்தாள். வைத்தபிறகும் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சாம்பல் ஒட்டியிருந்தது. மெல்லிய, ஈரமில்லாத சாம்பல். குழாயில் இருப்பதெல்லாம் ஈரமண் அல்லவா என்று ஒரு நினைப்பு வந்தது. குளிரூட்டி தடதடவென்று நடுங்கி ஓடத் தொடங்கியதில் அந்த நினைப்பும் போயிற்று.

எரிமலை அடிவாரத்து ஏரியின் அடியிலிருந்து எடுத்த மண் அது. மிதவையில் நின்றுகொண்டு, ஒரு முஷ்டி நுழைகிற அளவுள்ள குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, ஒன்பது மீட்டர் ஆழத்துக்கு அப்படியே உருவி எடுத்து, மீட்டர் மீட்டராக அறுத்து, வெள்ளரிக்காயைப் பிளப்பதுபோல் நெடுக்காகப் பிளந்து வைத்திருந்தார்கள். ஏரி வருடத்துக்கு ஒரு கோடு எழுதும். மழைக்காலத்துக்குக் கறுப்பு, வெயில்காலத்துக்கு வெளுப்பு. எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது நாட்குறிப்பு. அந்தக் கோடுகளுக்கு நடுவே மலை துப்பிய சாம்பலும் இருந்தது. சில இடங்களில் நூல் அளவு. ஒரே ஓர் இடத்தில் நான்கு விரல் தடிமன். நான்கு விரலுக்கு அவள் பெருஞ்சாம்பல் என்று பெயர் வைத்திருந்தாள். மூன்றாம் குழாயின் நட்டநடுவில் இருந்தது அது.

எந்தச் சாம்பல் எந்த மலையுடையது என்பதை அதிலுள்ள கண்ணாடித் துகள்களை வைத்துச் சொல்லலாம். ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு ஜாடை உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்த்து இன்னார் வீடு என்று சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். பெருஞ்சாம்பலின் ஜாடை இந்த மலையின் ஜாடைதான். சந்தேகமே இல்லை. அதன் ஓரத்தில் கிடைத்த ஒரே ஒரு கரித்துண்டை வெளியே பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி வயதும் வாங்கியாகிவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு வருடம். அன்று இந்தத் தீவின் இந்தப் பக்கத்தில் ஒரு கூரைகூட மிஞ்சியிருக்காது.

நாளை மறுநாள் காலை அவள் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. ஏரிக்கரைக் கீழூர்க்காரர்கள் வீட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா?

மலை இருமிச் சாம்பல் தூவி நான்கு மாதம் ஆகிறது. அன்றைக்கே கீழூரைக் காலிசெய்து மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். அறைக்கு முப்பது பேர். அதில் அவளுடைய அக்காவும், அக்காவின் ஐந்து வயது மகளும் உண்டு. அக்கா புருஷன் கப்பலில். வருடத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர். குழந்தைக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்க்கும்.

அக்கா மத்தியானம் போனில் வந்தாள். வழக்கமான புலம்பல்: குழாயடியில் வரிசை, கழிப்பறையில் வரிசை, பக்கத்துப் பாய்க்காரியின் குறட்டை, வாலுவுக்கு மாறாத இருமல். வீட்டுக் கதவை எலி தின்றிருக்கும் என்றாள். மலையும் இருமுது, உன் அக்கா மகளும் இருமுறா, மலைக்கு மட்டும்தான் நீ வைத்தியம் பார்ப்பியா என்று குத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அக்காவுக்குக் கோபம் வந்தால் வசனம் அழகாக வரும்.

"இன்னொன்னுடி," என்றாள் அக்கா. "ரெண்டு நாளா இவ படுத்த மாதிரி கிடக்கறதில்ல. தலை வச்ச பக்கம் காலு. நான் தூக்கிச் சரியாப் போடுறேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மறுபடி திரும்பிக் கிடக்கறா. புரண்ட சத்தமும் இல்ல."

"குழந்தைங்க எல்லாம் அப்படித்தானேக்கா."

"அதான் நானும் சொல்லிக்கறேன்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சரி, நீ சொல்லு. போகலாமா?"

சொல்லக்கூடாது. அறிக்கை படிக்கப்படும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று ஆய்வு நிலைய இயக்குநர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் போனில் அந்தப் பக்கம் வாலு இருமியது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல்.

"போகலாம்னுதான் வரும்போல இருக்கு," என்றாள்.

அவள் கணக்கு இதுதான். மூன்றாம் குழாயில் பெருஞ்சாம்பலுக்கு மேலே ஆறு சாம்பல் நூல்கள் இருந்தன. முதல் நூல் பெருஞ்சாம்பலை ஒட்டினாற்போல். அடுத்தது ஒரு வருடம் தள்ளி. பிறகு நாலு வருடம். பிறகு ஒன்பது, பத்தொன்பது, நாற்பது. இடைவெளி விரிந்துகொண்டே போய் நின்றுவிடுகிறது. பெரிதாக வெடித்த மலை, கொஞ்சகாலம் இருமி இருமி, இருமல் குறைந்து தூங்கிப்போகிறது. பெருஞ்சாம்பலுக்கு முன்னால் இருமலே இல்லை. ஆகவே இப்போதைய இருமலைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. இருமுகிற மலை வெடித்ததாக ஏரியின் நாட்குறிப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அழகான கணக்கு. இயக்குநர்கூட மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

அன்று மாலை பூட்டுவதற்கு முன் மூன்றாம் குழாயையும் தட்டையும் சேர்த்து இரண்டு இடத்தில் பிசின்நாடா ஒட்டி, நாடாவின் மேல் கையெழுத்தும் போட்டாள். ஏன் செய்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. விளக்கை அணைத்தபோது குளிரூட்டியும் நின்றது. அந்த நிசப்தத்தில், பின்பக்கத் தட்டுகளின் நடுவிலிருந்து, பிளாஸ்டிக்கின் உள்புறத்தை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஒரு சுரண்டல். பிறகு ஒன்று. குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும், சத்தம் போடும். அவளுக்குத் தெரியாததா? சாவியை இரண்டுமுறை திருப்பிப் பூட்டினாள்.

மறுநாள் காலை அவள் தனியாகத் திறக்கவில்லை. துளைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

துளைக்காரர் என்றால் மிதவையில் நின்று குழாய் இறக்குகிறவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தோள் இரண்டும் கதவு அகலம். அவளைச் சாம்பலம்மா என்று கேலியாகக் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். குளிரறையின் இன்னொரு சாவி அவரிடம்தான். வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், அவரும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். விளையாட வேறு ஆளே கிடைக்கவில்லையா, சேற்றை எடுத்துத் திருப்பித் திருப்பி வைக்க நான் என்ன தோசையா சுடுகிறேன் என்றார்.

விளக்கைப் போட்டாள்.

மூன்றாம் குழாய் திரும்பிக் கிடந்தது. நாடா இரண்டும் ஒட்டியபடியே இருந்தன. கிழியவில்லை. சுருங்கவில்லை. அவள் கையெழுத்து இரண்டும் அப்படியே, கதவைப் பார்த்து, நேராக.

துளைக்காரர் குனிந்து பார்த்தார். நாடாவைக் கட்டைவிரலால் தடவினார். இரண்டு முனை மூடிகளையும் பார்த்தார்.

"இது அந்தக் குழாயா?" என்றார். "அன்னிக்கு யாரோ கீழேருந்து புடிச்சு இழுத்த மாதிரி வழுக்கிட்டுப் போச்சே, அதுவா?"

"அதுதான்."

"ரெண்டு பக்கமும் கறுப்பு மூடி போட்டமே."

அவள் நாடாவை உரிக்கத் தொடங்கினாள். அவர் மிதவையில் வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டு வெளியே போனார். வெயிலில் போய் நின்றுகொண்டார் என்பது ஆய்வக ஜன்னல் வழியே தெரிந்தது.

கறுப்பு மூடி. அதை நினைக்காமல் இருக்கத்தான் மூன்று மாதமாக அவள் அவ்வளவு வேகமாக வேலை பார்த்தாள். அறுத்த குழாயின் மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி. இந்தத் தொழிலில் முதல்நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். மேல் எது, கீழ் எது என்று தெரியாத மண், வெறும் சேறு. அன்று மிதவையில் சிவப்பு மூடி ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. கையில் கறுப்பு மட்டும்தான் இருந்தது. பரவாயில்லை, அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம் என்று ஈரக் குழாயில் பேனாவால் ஒரு அம்பு கிழித்தாள். கரைக்கு வந்தபோது அம்பு கரைந்திருந்தது. இந்தப் பக்கம்தான் மேல், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அவளுக்கும் ஞாபகம் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தாள்.

குழாயை வெளியே ஆய்வக அறைக்கு எடுத்துவந்து மேசைமேல் கிடத்தினாள். அறை முழுக்க நனைந்த தீக்குச்சி வாடை. பெருஞ்சாம்பலில், பிளந்த முகத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. முதல் வாரமே பார்த்திருந்தாள். வேர்த்துளை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். ஏரியின் நடுவில், நாற்பது அடித் தண்ணீருக்குக் கீழே எது வேர் விடும் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஊதினாள். ஊதிய மூச்சு உள்ளே வெகுதூரம் போனது.

வேர்தான் என்று பார்த்துவிட்டால் மனம் ஆறிவிடும். சாம்பலுக்குள் புதைந்த பொருள் மக்கிப்போனாலும் அதன் வடிவம் வெற்றிடமாக நிற்கும். அதற்குள் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் வெள்ளைமாவைக் கரைத்து ஊற்றினால், போன பொருள் திரும்பி வந்து நிற்கும். அவள் மாவைக் கரைத்தாள். மெல்லிய குழல் வழியே சொட்டுச்சொட்டாக விட்டாள். சின்ன ஓட்டை, நிறையக் குடித்தது. தாகமாயிருந்ததுபோலக் குடித்தது.

இறுக அரைமணி நேரம். அந்த அரைமணியில் அக்கா கூப்பிட்டாள்.

குரலில் எதிரொலி இருந்தது. முப்பது பேர் இரைச்சல் இல்லை. வாலுவின் இருமலும் இல்லை. விளக்குமாறு சரக் சரக்கென்று தரையில் ஓடும் சத்தம் மட்டும்.

"எங்கேக்கா இருக்கே?"

"எங்க இருப்பேன், என் வீட்லதான். நீதான் போகலாம்னுட்டியே. நாளைக்கு எல்லாரும் கிளம்பினா வண்டி கிடைக்காது. விடியக்காலையிலேயே வந்துட்டோம்."

அக்கா சந்தோஷமாக இருந்தாள். எலி கதவைத் தின்னவில்லை, அடுப்பில் மட்டும் குடித்தனம் நடத்தியிருக்கிறது என்றாள். வாலு வந்ததும் வராததுமாக ஏரிக்கரைக்கு ஓடப் பார்த்ததாம், காதைத் திருகி உள்ளே இழுத்துப் போட்டாளாம். யாரோ கூப்பிடறாங்கம்மா என்றதாம். இப்போது பின்வாசல் பக்கத்து அறையில் தூங்குகிறதாம்.

"இருமலே நின்னுபோச்சுடி. ஏரிக் காத்து பட்டதும் பொட்டுனு நின்னுபோச்சு."

இன்னும் ஒரு மணிநேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று அவள் போனை வைத்தாள். உடனே கிளம்பி வா என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஏன் என்று அக்கா கேட்பாள். ஏன் என்றால், அவளிடம் இருந்தது இரண்டு கறுப்பு மூடிகளும் ஒரு வேர்த்துளையும் மட்டுமே.

தூரிகையை எடுத்துச் சாம்பலைத் தட்டத் தொடங்கினாள். வெள்ளையாக முதலில் ஒரு முனை தெரிந்தது. வேர் நுனி. சற்றுத் தள்ளி இன்னொன்று. மூன்று. நான்கு. சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் தூரிகை தொடுவதற்கு முன்பே உதிர்ந்தது. நுனிகளுக்குக் கீழே மடிப்புகள். மடிப்புகளுக்குக் கீழே ரேகைகள். ஒவ்வொரு நுனியின் பின்புறமும், அரிசியளவு, ஒரு நகம்.

ஐந்து விரல்கள். உள்ளங்கையில் பாதி. அதற்கப்பால் சாம்பல் முடிந்து சேறு.

ஒரு குழந்தையின் இடதுகை.

சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அவள் தன் இடதுகையைப் பார்த்தாள். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. முப்பத்துமூன்று வருடமாகத் தெரிந்த விரல். அம்மாவுக்கு அப்படித்தான். அக்காவுக்கும் அப்படித்தான். வாலு பிறந்த அன்று துணியை விலக்கி முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். நம்ம வீட்டு முத்திரை விழுந்திடுச்சு என்று அக்கா சிரித்தாள்.

ஜாடை.

குழாய் அவள் வைத்தபடி, தலைப்பக்கம் இடதுபுறமாகக் கிடந்தது. விரல்கள் வலதுபுறம் நீண்டிருந்தன. அதாவது கீழே. ஏரியின் அடிக்கு. பூமிக்குள். சாம்பலில் புதைகிற குழந்தை கையைக் கீழே நீட்டுமா?

மேலே நீட்டும். மேலே மட்டும்தான் நீட்டும்.

விரல் நுனியால் பெருஞ்சாம்பலைத் தொட்டாள். இடதுபுறம் நறநறவென்று பருமணல். வலதுபுறம் முகப்பூச்சு மாவுபோல மிருது. வானத்திலிருந்து விழும்போது கனமானது முதலில் விழும். பொடி கடைசியில் இறங்கும். பருமன் அடியில், பொடி மேலே. இதுவும் முதல்நாள் பாடம்தான். இதையும் முதல் வாரமே தொட்டுப் பார்த்திருந்தாள். தண்ணீரில் கலங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தாள். அடிக்கோட்டோடு.

குழாயைத் திருப்பினாள். இந்தமுறை அவளே.

ஆறு நூல்களும் பெருஞ்சாம்பலுக்குக் கீழே போயின. கீழேயிருந்து மேலே படித்தாள். ஒரு நூல். நாற்பது வருடம். ஒரு நூல். பத்தொன்பது. ஒன்பது. நாலு. ஒன்று. பிறகு ஆறாவது நூல். அதன்மேல் ஒரு முழுக்கோடுகூட இல்லை. நேராகப் பெருஞ்சாம்பல்.

துறைமுகத்துப் பழைய பதிவேட்டில் மலையின் முதல் இருமல் எழுதியிருந்தது. அதற்கு நாற்பது வருடம் கழித்து, அவள் பிறந்த வருடம், இரண்டாவது இருமல். பத்தொன்பது கழித்து அவள் கல்லூரிக்குப் போன வருடம். ஒன்பது கழித்து, அக்கா வயிற்றில் வாலு. நாலு கழித்து, வாலு பேசக் கற்றிருந்தது. மலைக்குச் சளி என்றது. ஒன்று கழித்து, நான்கு மாதத்துக்கு முன்னால். ஆறாவது.

மலை தூங்கப்போகவில்லை. எழுந்துகொண்டிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. மேகம் என்று நினைத்தாள். கடிகாரம் இரண்டு மணி காட்டியது. மேசைவிளக்கின் வட்டம் கூர்மையாகத் தெரியத் தொடங்கியது. அறையின் மூலைகள் காணாமல் போயின. கூரையில் ஏதோ விழுந்தது. ஒன்று. இரண்டு. பிறகு யாரோ கைப்பிடி கைப்பிடியாகப் பொரி இறைப்பதுபோல.

இயக்குநரைப் பிடித்தாள். அவர் முதலில் இது ஏழாவது இருமல்தானே என்றார், உங்கள் கணக்குப்படி பயமில்லையே என்றார்.

"குழாயைத் தலைகீழா வெச்சிட்டேன் சார்," என்றாள். "நான்தான் வெச்சேன். அபாயச் சங்கை ஊதச் சொல்லுங்க."

மறுமுனையில் நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

துளைக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. முன்கண்ணாடியின் துடைப்பான் விழுவதைத் தள்ளித் தள்ளித் தோற்றது. கறுத்த பகல். முகப்பு வெளிச்சத்தில் சாம்பல் கோடுகோடாக இறங்கியது. சக்கரத்தின் கீழே நொறுங் நொறுங்கென்று அப்பளம் உடைவதுபோல உடைந்தது. அவள் கையை வெளியே நீட்டி ஒன்றைப் பிடித்தாள். பட்டாணியளவு நுரைக்கல். ஆயிரம் துளைகள். எடையே இல்லை.

பருமன் முதலில்.

"அண்ணே, பொடியா இருந்தா பரவாயில்ல. இது பருமனா விழுது."

"பருமனா விழுந்தா என்ன?"

"அடி. பெருஞ்சாம்பலோட அடி இது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மிதியை அழுத்தினார். தூரத்தில் சங்கு ஊதத் தொடங்கியது. சாம்பல் அதையும் விழுங்கி, கம்பளிக்குள் அழுகிற குழந்தைபோல ஆக்கியது.

அக்கா வாசலில் நின்றாள். தலை, புருவம், தோள் எல்லாம் சாம்பல். ஒரு கையில் வாலுவின் செருப்பு. அவளைப் பார்த்ததும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திரும்பிக் கிடந்தாடி," என்றாள். ஒவ்வொரு சொல்லாக. "தலை பின்வாசலைப் பாத்து இருந்துச்சு. நான் தூக்கி நேராப் போட்டேன். ஜன்னலைச் சாத்திட்டு வரேன்... பாய்தான் இருக்கு."

"எப்போ?"

"இப்பதான். ரெண்டு மணி இருக்கும்."

ரெண்டு மணி. அவள் குழாயைத் திருப்பிய நேரம்.

துளைக்காரர் அக்காவைத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு ஓடினார். இருவரும் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அவள் வண்டியிலிருந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

முற்றத்தில் கணுக்கால் அளவு விழுந்திருந்தது. அதில் தடங்கள். சின்ன வெறுங்காலடிகள், படியிலிருந்து இறங்கி, ஏரியை நோக்கி. விரல் பதிவுகூடத் தெளிவாக. அவள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள். வேலியருகே நின்றாள்.

அங்கே இன்னொரு ஜோடி சேர்ந்துகொண்டது. அதே அளவு. அதே பாதம். ஆனால் அவை வீட்டிலிருந்து வரவில்லை. ஏரியிலிருந்து வந்திருந்தன. வேலிவரை வந்து, காத்து நின்று, திரும்பி, பக்கத்தில் பக்கத்தில் நடந்து போயிருந்தன.

அவற்றில் ஈரம் இல்லை.

"வாலு."

குரல் வாயைவிட்டு ஒரு முழம்கூடப் போகவில்லை.

கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஏரியே இல்லை. நுரைக்கல் தண்ணீரில் மிதக்கும். மிதந்து மிதந்து, நெருங்கி நெருங்கி, ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, கரையோடு கரையாகச் சாம்பல் நிறத் தரையாகக் கிடந்தது. அவள் ஒரு காலை வைத்தாள். தரை அசைந்தது. உள்ளே போனது. முழங்கால்வரை தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீர்.

தடங்கள் அதன்மேல் போயிருந்தன. இரண்டு ஜோடி. அமிழாமல்.

மிதவை நடு ஏரியில் கட்டியபடி நின்றது. அவர்கள் குழாய் இறக்கிய இடம். அவள் விளக்கை உயர்த்தினாள்.

சாம்பல் விழுவது நின்றுவிட்டது. சங்கும் நின்றுவிட்டது. மலை இருமவில்லை. மூச்சை முழுக்க உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருப்பதுபோல, சத்தமே இல்லை.

மிதவைக்குப் பக்கத்தில் தரை லேசாக உப்பியது. கற்கள் உருண்டு விலகின. விரல் நுனிகள் தெரிந்தன. பிறகு நகங்கள். ஒரு சின்ன இடதுகை, மேல்நோக்கி, மெல்ல, சேற்றிலிருந்து முளை வருவதுபோல வந்து நின்றது. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. இதுவும் இடதுகை. அதே அளவு. அதே வளைவு. ஜாடையில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

இரண்டும் ஒன்றாக விரிந்து, மூடி, அவளைக் கூப்பிட்டன.